அம்மா சொல்லாத பெயரும் ஒரு பிரீமியம் கணக்கும்

1

லெஸ்டரில் நான் கணக்கு வைத்திருக்கும் வங்கியிலிருந்து சென்ற வாரம் ஒரு கடிதம் வந்தது. கல்யாணப் பத்திரிகை போலத் தடித்த காகிதம். இத்தனை வருடம் அவர்களோடு இருந்ததற்காக என்னைப் பிரீமியம் கணக்குக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். இனி நான் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. எனக்கென்று ஒரு மேலாளர் இருப்பார், அவருடைய நேரடி எண் என்னிடம் இருக்கும், நான் யார் என்பது அவருக்கு எப்போதும் தெரிந்திருக்கும். கடிதம் ‘அன்புள்ள மிஸ்டர் நாச்சிமுத்து’ என்று தொடங்கியது.

நாச்சிமுத்து நான் இல்லை, என் அப்பா. என் பெயர் செந்தில்குமார். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. நமக்கு அப்படி ஒன்று கிடையாது என்பதால் அப்பா பெயரைத் தூக்கி அதில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து இந்த ஊரில் பல் டாக்டர், கேஸ் கம்பெனி, பள்ளிக்கூடம், தபால்காரர் எல்லோருக்கும் நான் நாச்சிமுத்து. வந்த புதிதில் யாராவது அப்படிக் கூப்பிட்டால், அப்பா எங்கே வந்தார் என்று திரும்பிப் பார்ப்பேன். இப்போது பழகிவிட்டது.

வழியில் போகிறவர்கள்கூடச் சொல்லும் அந்தப் பெயரை என் அம்மா நாற்பது வருடத் தாம்பத்தியத்தில் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. புருஷன் பெயரைச் சொல்லாத பெண்களை ஊரில் நீங்களும் பார்த்திருப்பீர்கள், இதில் அதிசயம் ஒன்றுமில்லை. நான் எழுத வந்தது அந்தப் பழக்கத்தைப் பற்றி அல்ல. ஐந்து வருடத்துக்கு முன்னால் நான் திருப்பூரில் அலைந்து திரிந்து தேர்ந்தெடுத்த ஒரு பிரீமியம் கணக்கைப் பற்றி. அப்பா காலமாகி, வருகிற செவ்வாயோடு ஒரு வருடம் ஆகிறது. இந்தக் கடிதம் இந்த வாரம் பார்த்தா வர வேண்டும் என்று கோபமாகத்தான் இருந்தது.

2

நான் இங்கே ஓர் உடுப்புக் கிடங்கில் தரம் பார்க்கிறேன். பெட்டியைப் பிரித்து, பனியனை விரித்து, கழுத்துப் பட்டி, தையல், சாயம் எல்லாவற்றையும் பார்த்து, பிசகு இருந்தால் ஒட்டுத்தாள் ஒட்டி ஒதுக்கிவிட வேண்டும். சில பெட்டிகள் திருப்பூரிலிருந்தே வரும். அவற்றைப் பிரிக்கும்போது மட்டும் கை கொஞ்சம் மெதுவாகும், ஆனால் ஒட்டுத்தாள் ஒட்டாமல் விட்டதில்லை. குற்றம் கண்டுபிடிப்பதே என் பிழைப்பு. வீட்டிலும் அந்த வேலையைத்தான் பார்க்கிறேன் என்று என் மனைவி கோமதி சொல்வாள்.

அப்பா ஊத்துக்குளி ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நான் அனுப்பும் பணம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பழைய வங்கிக்குப் போகும். அதை எடுக்க அவர் ஒவ்வொரு முறையும் அரை நாள் வேலையை விட்டுவிட்டு டோக்கனோடு நிற்பார். சனிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். ஊர் முழுக்க அன்றைக்குத்தான் வாரச் சம்பளம். கம்பெனிக்காரர்கள் அத்தனை பேரும் பையோடு வந்து நிற்பார்கள், அப்பா அவர்களுக்கெல்லாம் வழிவிட்டுக் கடைசியில் நிற்பார். “அவங்களுக்கு ஆளுக காத்துக்கிட்டு இருப்பாங்க, கண்ணு. நமக்கென்ன அவசரம்?” என்று போனில் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வருடம் லீவில் போனபோது, கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பது போல வங்கி பார்த்தேன். மூன்று வங்கிகள். நோட்டில் கட்டம் போட்டு, எங்கே எத்தனை நிமிடம் நிற்க வைத்தார்கள், யார் நிமிர்ந்து முகத்தைப் பார்த்துப் பேசினார்கள், போன் அடித்தால் எத்தனையாவது மணியில் எடுக்கிறார்கள் என்று குறித்தேன். இங்கே பனியனுக்கு வைத்திருக்கும் அதே கண்டிப்பு. கடைசியில் அவிநாசி ரோட்டுப் பக்கம் புதிதாக வந்திருந்த ஒரு தனியார் வங்கி தேறியது. கண்ணாடிக் கதவு, ஏ.சி., உட்கார்ந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர். பிரீமியம் கணக்கு என்றால் கணிசமான தொகையை எப்போதும் உள்ளேயே விட்டுவைக்க வேண்டும். அதற்குப் பதிலாக வீட்டுக்கே வந்து கையெழுத்து வாங்குவார்கள், போனிலேயே வேலை முடியும், எதற்கும் பொறுப்பாக ஓர் ஆள் இருப்பார்.

வட்டி எவ்வளவு என்று நான் கேட்கவே இல்லை. இப்போது யோசித்தால் தெரிகிறது, நான் தேடியது கணக்கை அல்ல. பெற்றவர்களுக்கு ஏதாவது ஒன்று என்றால் ஓடி வருவதற்கு, எனக்குப் பதிலாக ஓர் ஆளை ஏற்பாடு செய்துவிட்டு நிம்மதியாக விமானம் ஏறப் பார்த்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

“எனக்கெதுக்கு சாமி தனி ஆளு? நான் என்ன முதலாளியா?” என்றார் அப்பா.

“உங்களுக்கு இல்லீங்கப்பா, என்ற நிம்மதிக்கு” என்றேன். என் நிம்மதிக்கு என்றதும் அவர் ஒப்புக்கொண்டார்.

3

எங்களுக்கு வாய்த்த ஆள் ஜெசிந்தா. இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதிருக்கும். திசையன்விளைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அவள் சிறுமியாக இருக்கும்போதே அவளுடைய அப்பா, அம்மா இருவரும் பனியன் கம்பெனி வேலைக்காகத் திருப்பூருக்கு வந்துவிட்டவர்கள். அவள் பேச்சில் மட்டும் தெற்கு அப்படியே இருந்தது.

அப்பா, அம்மா இருவர் பெயரிலும் கணக்குத் தொடங்குவதற்கான விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ய ஒரு காலை வீட்டுக்கு வந்தாள். அப்பா கம்பெனிக்குப் போயிருந்தார். அம்மா முதலில் சாப்பிட வைத்தாள். அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும். அதன் பிறகுதான் காகிதத்தை எடுக்க விட்டாள்.

“ஐயா பேரு என்னம்மா?” என்று ஜெசிந்தா கேட்டாள்.

அம்மா எழுந்து உள்ளே போய் ரேஷன் கார்டை எடுத்து வந்து, பெயர் இருக்கும் இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, வாக்காளர் பட்டியல் என எங்கே போனாலும் அவளுக்கு அதுதான் வழக்கம். கையில் கார்டு இல்லாமல் வெளியே போக மாட்டாள்.

“பேரச் சொன்னா அவங்களுக்கு ஆயுசு கொறஞ்சு போயிருமுங்க, கண்ணு” என்றாள் கொஞ்சம் கூச்சத்தோடு.

ஜெசிந்தா சிரிக்கவில்லை. “எங்கம்மாவும் எங்கப்பா பேரைச் சொல்ல மாட்டாவ. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா. எது வேணும்னாலும் எனக்கு ஒரு போன் போடுங்க, நான் பாத்துக்கிடுதேன்” என்று சொல்லி, தன் செல்போன் எண்ணைக் காலண்டர் அட்டையின் பின்பக்கம் பெரிதாக எழுதி வைத்தாள்.

நானும் அதே அறையில்தான் இருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே, போன் வழியாக வங்கிச் சேவை பெறுவதற்கான தாள்களை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

ஜெசிந்தா சொன்னபடி செய்தாள். அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் ஏ.டி.எம். பழக்கினாள். அப்பா கடைசிவரை அந்தக் கண்ணாடி அறைக்குள் போகவில்லை. அம்மா போனாள். முந்தானையால் மறைத்துக்கொண்டு நான்கு எண்களை அழுத்தும் அம்மாவைப் பற்றி அப்பா பெருமையாக எல்லோரிடமும் சொல்வார். நான் இங்கே கிடங்கில் உடன் வேலை பார்ப்பவர்களிடம் சொன்னேன். என் தேர்வு சரியாகத்தான் இருந்தது.

ஒன்றரை வருடத்தில் ஜெசிந்தா அந்த வேலையை விட்டுவிட்டாள். மாதம் இத்தனை இன்சூரன்ஸ் விற்க வேண்டும் என்று மேலே இருந்தவர்கள் நெருக்கினார்களாம். ஓர் ஏற்றுமதிக் கம்பெனியின் அலுவலகத்துக்குப் போய்விட்டாள். அவளுக்குப் பதிலாக வேறொருவர் வருவார் என்று எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வந்தவரும் மூன்று மாதத்தில் மாறினார். அதன் பிறகு ஒரு இலவச எண் மட்டும் இருந்தது.

4

அது ஒரு சனிக்கிழமை. மதியம் கட்டிங் டேபிளின் முன்னால் நின்றுகொண்டிருந்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். கம்பெனி வேனிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு கோயம்புத்தூருக்கு ஓடினார்கள். அம்மாவை வழியில் ஏற்றிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, சம்பளம் போடும் நாள் என்பதால் பொழுது சாய்வதற்குள் திரும்பி வருகிறோம் என்று சொல்லிவிட்டு வேன் போய்விட்டது. யாரையும் குறை சொல்ல மாட்டேன். அங்கே நூறு பேர் காத்திருப்பார்கள்.

உடனே ஒரு தொகை கட்டினால் அடைப்பை எடுக்க உள்ளே கொண்டுபோகலாம் என்றார்கள். அம்மா ஏ.டி.எம்.முக்கு நடந்தாள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு இருக்கிறதே, அது பாதிக்கும் போதவில்லை. வங்கி மூடியாகிவிட்டது. ஆனால் பிரீமியம் கணக்குக்காரர்கள் ஒரு போன் செய்தால் வரம்பை உயர்த்திவிடுவார்கள் என்று நானே அவளுக்குப் பத்துத் தடவை சொல்லியிருந்தேன். நினைவு வைத்திருந்து போன் செய்தாள்.

நடந்த பேச்சை அம்மா பிறகு எனக்கு ஒரு வரி விடாமல் சொன்னாள். எங்கோ தூரத்திலிருந்து பேசிய ஓர் இளைஞன், மரியாதையான குரல். கார்டு எண் கேட்டான், படித்தாள். பிறந்த தேதி கேட்டான், ரேஷன் கார்டோடு மடித்து வைத்திருந்த சீட்டைப் பார்த்துச் சொன்னாள்.

“கணக்கில் உங்களோடு இருக்கும் இன்னொருவரின் பெயர், மேடம்?”

“எங்கூட்டுக்காரருங்க.”

“பெயரைச் சொல்லுங்க, மேடம்.”

“ரேசன் கார்டு கையிலயே இருக்குதுங்க. அதுல எழுதியிருக்குதுங்க.”

“அதை என்னால பார்க்க முடியாதே மேடம்.”

பக்கத்தில் நின்ற நர்ஸிடம் போனையும் கார்டையும் கொடுத்து, கொஞ்சம் சொல்லச் சொன்னாள். கணக்குக்குரியவர்தான் சொல்ல வேண்டும், வேறு யாரும் பேசக் கூடாது என்றான் அந்த இளைஞன். போன் மறுபடியும் அம்மா கைக்கு வந்தது.

“என்ற பையன் பேருக்கு முன்னால போடற எழுத்துங்க. நா-ங்க.”

“முழுப் பெயர் வேணும், மேடம். இதுதான் கடைசி வாய்ப்பு.”

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அம்மா பேசாமல் நின்றாள். அவன் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, பாதுகாப்புக் காரணங்களுக்காகச் சேவையை ஒரு நாளைக்கு நிறுத்தி வைப்பதாகச் சொன்னான். கார்டும் அதோடு சேர்ந்து நின்றது. “சரிங்க, நல்லதுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா போனை வைத்திருக்கிறாள்.

அப்போது இங்கே காலை. என் போன் கிடங்கு லாக்கரில் கிடந்தது. டீ நேரத்தில் எடுத்துப் பார்த்தேன், ஏழு தவறிய அழைப்புகள். அம்மாவிடம் பேசினேன், “என்னமோ லாக் ஆயிருச்சுங்கறாங்க சாமி” என்று மட்டும் சொன்னாள். வங்கிக்குப் போட்டேன். காலிங் கார்டில் இருந்த காசு கரையக் கரைய, காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். கடைசியில் வந்த குரல், நான் கணக்குக்குரியவன் இல்லை என்பதால் எதுவும் செய்ய முடியாது என்றது. நான் என் பங்குக்குக் கத்தினேன். நூற்றுக்கணக்கான பனியன்கள் தொங்கும் இடத்தில் நின்றுகொண்டு, ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் அப்பாவுக்காக, முகம் தெரியாத ஒருவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அதற்குள் அம்மா வேறொரு எண்ணுக்குப் போன் செய்திருந்தாள். காலண்டர் அட்டையில் இருந்ததை எப்போதோ மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள். ஜெசிந்தா சம்பளம் வாங்கக்கூட நிற்காமல் பஸ் ஏறி வந்தாள். வந்ததும் ஒன்றும் கேட்காமல் கவுண்டருக்குப் போய்த் தன்னுடைய கிரெடிட் கார்டைத் தேய்த்தாள். அப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள்.

5

செவ்வாய்க்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா கண் திறந்து பார்த்தார். அப்பா பிழைத்துவிட்டார் என்பது மனதில் உறைத்த அடுத்த நிமிடமே எனக்குக் கோபம் வந்தது. பயம் போனதும் என் சுபாவம் அப்படித்தான் திரும்பும்.

“ஒரே ஒரு பேரு. அதைச் சொல்லியிருந்தா அரை நிமிசத்துல முடிஞ்சிருக்கும். உங்க பிடிவாதத்துல அப்பா போயிருப்பாரும்மா” என்றேன்.

அம்மா ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“சொல்லியிருந்தாத்தான் போயிருப்பாங்க, கண்ணு.”

“இதெல்லாம் நம்பிக்கிட்டு...”

“உள்ள இழுத்துக்கிட்டு இருக்குது. அந்நேரம் பாத்து வாயத் தொறந்து பேரச் சொல்லுங்கறாங்க. பணம் எப்பிடியாச்சும் வந்துரும் சாமி. போன ஆயுச எந்த பேங்குல போயி எடுக்கறது?”

 படுக்கையிலிருந்து அப்பா கையை லேசாக அசைத்தார்.

“விடு சாமி” என்றார். “நாப்பது வருசமா ‘ஏனுங்க’ன்னுதான் கூப்புடறா. அன்னிக்கு என்ற பேரு அவ வாயில இருந்து வந்து என்ற காதுல உழுந்திருந்தா, சரி, கதை முடிஞ்சுதுன்னு நானே கெளம்பியிருப்பேன்.”

அம்மா அவரை முறைத்துவிட்டு ஒரு சுளையை அவர் வாயில் வைத்தாள்.

ஜெசிந்தாவின் பணத்தைத் திங்கட்கிழமையே அம்மா கொடுத்துவிட்டிருந்தாள். அதற்கு மேல் எதையும் ஜெசிந்தா வாங்கவில்லை. அப்பாவைப் பார்க்க வந்தவளிடம் நன்றி சொல்ல வாய் வராமல், “நீங்க இன்னும் அந்த பேங்க்லயே இருந்திருக்கலாம்” என்று ஏதோ உளறினேன். “அங்க இருந்திருந்தா அந்த இலவச நம்பருக்குப் போடுங்கம்மான்னுதான் நானும் சொல்லியிருப்பேன், அண்ணே” என்றாள். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

அன்று வீட்டுக்கு வந்து வங்கி சம்பந்தமான கோப்பை எடுத்தேன், ஒரு புகார் எழுதி அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என்று. உள்ளே நான் நிரப்பிய தாளின் நகல் இருந்தது. போனில் பேசும்போது அடையாளத்துக்காக எதைக் கேட்க வேண்டும் என்பதற்கு மூன்று கட்டங்கள். பிறந்த ஊர், படித்த பள்ளி, கணக்கில் உடனிருப்பவர் பெயர். மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டிருந்தது. என் பேனா, என் கை.

அப்பா பெயர், சுலபமாக நினைவிருக்குமே என்று போட்டிருக்கிறேன். அதே அறையில், அதே நேரத்தில், அம்மா ரேஷன் கார்டில் விரல் வைத்துக் காட்டியதைப் பார்த்துக்கொண்டே போட்டிருக்கிறேன். முப்பத்து மூன்று வருடம் அந்த அம்மாவோடு பேசிப் பழகியவனுக்கு அது தோன்றவில்லை. ஒரு இழை விட்டுப் போன தையலைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன் நான். புகாரை எழுதவில்லை. கேள்வியை ‘பிறந்த ஊர்’ என்று மாற்றிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன். அந்த டிக் யாருடையது என்று அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. ஊரில் இதைப் படிக்கும் உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

6

என் மகள் மதுவுக்கு ஒன்பது வயது. பள்ளியில் அவளும் நாச்சிமுத்துதான். சிநேகிதிகள் சுருக்கி ‘நாச்சி’ என்கிறார்கள். தமிழ் புரிகிறது, பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். ஞாயிற்றுக்கிழமை போனில் அவளைப் பேச வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிடும். ஒருமுறை, அப்பா இருந்தபோது, தன் முழுப் பெயரை டீச்சர் போலவே ராகம் போட்டு அவளுடைய அப்பாயியிடம், அதாவது என் அம்மாவிடம், சொல்லிக் காட்டினாள்.  “உங்கப்பாரு கேட்டா சிரிப்பாங்க கண்ணு, இன்னொருக்காச் சொல்லு” என்று தாத்தாவைச் சாக்கு வைத்துச் சொன்னாள் அம்மா. மது சொன்னாள். அம்மா மறுபடியும் சொல்லச் சொன்னாள். மூன்று தடவை கேட்டாள் என்று ஞாபகம்.

இந்த ஊர் வங்கியின் கடிதம் மேஜையில் அப்படியே கிடக்கிறது. நல்ல சேவையாகத்தான் இருக்கும். நான் யார் என்பது எப்போதும் தெரிந்த ஒருவர் எனக்குக் கிடைப்பாராம். பதில் எழுத உட்கார்ந்தால் பேனா ஓடமாட்டேன் என்கிறது.

7

நெஞ்சுவலி வந்த பிறகு அப்பா இரண்டு வருடம் இருந்தார். ஒரு காலையில் டீயைக் குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. காரியங்கள் ஆகி, லீவு தீர இரண்டு நாள் இருக்கும்போது, கணக்கை அம்மா பெயருக்கு மட்டும் மாற்ற வேண்டும் என்று உட்கார்ந்தோம். முதலில் போனில் பதிவு செய்யச் சொன்னார்கள். நான் எண்ணைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். பெண் குரல். கணக்குக்குரியவரே பேச வேண்டும் என்றாள். அம்மா கார்டு எண்ணைப் படித்தாள், பிறந்த ஊரைச் சொன்னாள்.

“இறந்தவரின் முழுப் பெயர், மேடம்?”

ரேஷன் கார்டு அம்மாவின் மடியிலேயே இருந்தது. நான் பதறிப் போனைப் பிடுங்கக் கை நீட்டினேன். எப்படியாவது கெஞ்சி நானே சொல்லிவிடலாம் என்று. அம்மா உள்ளங்கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

“நாச்சிமுத்துங்க” என்றாள்.

முப்பத்தேழு வயதில் அந்தப் பெயரை அம்மாவின் குரலில் முதன்முதலாகக் கேட்டேன். தடுமாற்றமே இல்லாமல், ரொம்ப நாளாகச் சொல்லிப் பழகியது போல வந்தது. 

“சரியாக் கேட்கலை மேடம். இன்னொரு தடவை சொல்ல முடியுமா?”

அம்மா போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள். ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி, சத்தமாகச் சொன்னாள்.

“நாச்சிமுத்து. நாச்சிமுத்துங்க.”

“நன்றி மேடம், பதிவாகிவிட்டது. வேறு ஏதாவது உதவி வேணுமா?”

“வேற ஒண்ணும் வேண்டியதில்லீங்க” என்றாள் அம்மா. “நல்லதுங்க.”